ஊசி காட்டிய வடக்கு

நஸீஹா திசைகாட்டியைப் பாறையோடு சேர்த்துப் பிடித்தாள். ஊசி ஆடி நின்றது.

மறுபடியும் அதே அளவுதான். லோகேஸ்வரன் எழுதிக் கொடுத்ததற்கும் இதற்கும் முப்பது டிகிரி வித்தியாசம்.

அவன் மனைவி சாந்தினி பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் செத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள்தான் கேட்டு வந்தாள். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் ஒரு சிவப்பு மண்சரிவு, அவ்வளவுதான்.

நஸீஹா சூலியா தெருப் பெண். பாறைகளை அளக்க லோகேஸ்வரனோடு பல வருடம் மலைமலையாக ஏறி இறங்கியவள். ஒரு வாரமாக அழுது கண் வீங்கியிருக்கிறது. சாந்தினிக்குத்தான் இன்னும் அழுகை வரவில்லை. ஊர் வாய்க்குப் பயந்துகூட வரவில்லை.

பாறைக்குள் ஒரு பிளவு ஓடியது. எந்தக் காலத்திலோ மலை நகர்ந்தபோது விழுந்தது. தேய்த்துக் கழுவிய தரை போல வழவழவென்று இருந்தது. அது சாலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் மேலே இருக்கும் பாறை வழுக்கி வந்துவிடும். வேறு பக்கம் சாய்ந்திருந்தால் நிற்கும்.

வேறு பக்கம்தான், தாராளமாக வெட்டலாம் என்று லோகேஸ்வரன் எழுதிக் கொடுத்தான். சாலைக்காக மலையை வெட்டினார்கள். வெட்டியதைப் பார்க்க வந்து நின்றவன் மேலேயே அது இறங்கியது.

நாளை விசாரணை. மலைக்கே வராமல் ஆபீசில் உட்கார்ந்து எழுதிவிட்டான் என்று இப்போதே பேச்சு. அளக்க வந்த அன்று அவன் தனியாக வந்தான். நஸீஹா லீவில் இருந்தாள். வந்தான் என்று சொல்ல ஒரு நாதி இல்லை.

மற்ற இடங்களில் எல்லாம் அவனுடைய அளவு அச்சாகப் பொருந்தியது. அளவெடுப்பின் கடைசி நாளில் அளந்த இந்த ஓர் இடத்தில் மட்டும்தான் பிசகு.

நஸீஹா திசைகாட்டியைப் பாறைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். சாந்தினிக்குத் தோள் வலித்தது. கைப்பையை இறக்கி அதன் பக்கத்தில் வைத்தாள்.

ஊசி நகர்ந்தது.

பையைத் தூக்கினாள். ஊசி பழைய இடத்துக்குப் போனது. வைத்தாள். கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி பையின் பக்கம் திரும்பியது.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, அன்னிக்கு அண்ணன் கையில இரும்பு ஏதாச்சும் போட்டிருந்தாங்களா?" என்றாள் நஸீஹா. "இரும்பு இருந்தா ஊசிய இழுத்துரும் லா. அப்படின்னா அவங்க இங்க வந்துதான் அளந்தாங்கன்னு நானே விசாரணையில அடிச்சுச் சொல்லிருவேன்."

"இல்லையே" என்றாள் சாந்தினி.

நஸீஹா தலையாட்டிவிட்டு மறுபடியும் அளக்கப் போனாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பொட்டலம் பிரிக்காமலே பையில் இருந்தது. உள்ளே என்ன என்று சாந்தினிக்குத் தெரியும். ஏழரைச் சனி என்று கோயிலில் பூசை செய்து, அவளே அவன் கையில் மாட்டிவிட்ட இரும்புக் காப்பு.

மலைக்குப் போகும்போதெல்லாம் அவன் அதைக் கழற்றிக் காரிலேயே வைத்துவிடுகிறான் என்று அவளுக்குத் தெரியவந்த இரவு வீடு இரண்டுபட்டது. வேலைக்கு ஆகாது என்றான். சாக்குச் சொல்லாதீங்க என்று கத்தினாள். தூங்கிக்கொண்டிருந்த மகளின் தலையில் அவன் கையை இழுத்து வைத்து, இனிக் கழற்ற மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள்.

மறுநாள்தான் அவன் இந்தப் பாறைக்கு வந்தான்.

கழற்றவில்லை.