கரைக்காரி

கடற்கரை நண்டுகளின் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர் தேவைப்பட்டார். அந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு மட்டுமே இடம். கடலிலிருந்து ஓர் ஆமை ஏறி வந்தது.

“நானும் இங்கதான் பிறந்தேன்.”

“முதுகுல ஓடு இருந்தா நம்ம ஆளாயிடுவியா?” என்றது தலைவர் நண்டு. “சாட்சி உண்டா?”

ஆமை தன் துடுப்பை நீட்டியது. ஓரத்தில் பழைய வெட்டு ஒன்று இருந்தது.

“முட்டையை உடைச்சு வெளிய வந்த அன்னைக்கு, தண்ணிக்கு ஓடுற வழியில நீங்க பிடிச்ச பிடி, அண்ணே.”

மற்ற நண்டுகள் மணலைப் பார்த்தன.

“அதுக்குப் பழி தீர்க்கவா வந்தே?” என்றது தலைவர் நண்டு.

“பிடிச்சதும் நீங்கதான், விட்டதும் நீங்கதான். விட்டதாலதான் இத்தனை கடல் பார்த்தேன். உங்களுக்காக ஓர் ஆட்டமாவது ஆட வேண்டாமா?”

தலைவர் நண்டு பக்கவாட்டில் நகர்ந்து, கோல் கோட்டில் ஆமைக்கு இடம் விட்டது.