படகுகளைத் துடைத்தவர்கள்

பனிப்பாறையில் மோதி, படகு போதாமல் ஆயிரக்கணக்கானோரோடு அந்தப் பெரிய கப்பல் மூழ்கிய அடுத்த மாதம், சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் உயிர்காப்புப் படகுகளைக் கூட்டச் சொன்னார்கள். தச்சர்களான எங்களுக்கு ஓய்வே இல்லை.

"இன்னும் படகு வெக்க அந்தக் கப்பல்ல இடம் இருந்துச்சே, பெர்சி. ஏன் வெக்கல?" என்றேன், கூட வேலை பார்த்தவனிடம்.

"கப்பலோட எடையப் பாத்துத்தான் சட்டம் படகு கேக்குது. எத்தனை பேர் ஏறுறாங்கன்னு கேக்கவே இல்ல. அதுக்கு மேல மாட்டினா பெரிய மனுஷங்க உலாத்த இடம் போயிடுமாம்" என்றான் பெர்சி. அவன் தம்பி அந்தக் கப்பலின் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டவன். திரும்பவில்லை.

நாங்கள் மாட்டிய படகுகளின் இருக்கைகள் காலையில் நனைந்திருந்தன. மழை இல்லை; தார்ப்பாயும் கட்டியிருந்தோம். பெர்சி விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது. துடைத்தோம். மறுநாளும் துடைத்தோம். புதிதாக மாட்டிய படகும் விடிவதற்குள் நனைந்தது, ஓர் இருக்கை பாக்கியில்லாமல்.

கடைசிப் படகையும் மாட்டியதும் மேஸ்திரி வந்தார்.

"போதும்பா. இந்தக் கப்பல்ல ஏறுற எல்லாருக்கும் இப்ப இடம் இருக்கு. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

காலையில் வாளியோடு ஏறினோம். கடைசிப் படகின் இருக்கைகளும் முழுக்க நனைந்திருந்தன. அதன் முன்னால், தளத்தில் வெறுங்கால்களின் ஈரத்தடங்கள் வரிசையாக நின்றன. வரிசை கொதிகலன் அறைக்குப் போகும் படிகளிலும் இறங்கியது. அங்கே தடங்கள் கரிபடிந்து கறுத்திருந்தன.

பெர்சி வாளியைக் கீழே வைத்தான்.

"மேஸ்திரியக் கூப்பிடு" என்றான். "இன்னும் பத்தலன்னு சொல்லு."