இரண்டு பெட்டியும் வேண்டும்

அமலோற்பவத்துக்கு இடது காது பிறவியிலேயே கேட்காது. பழைய ஸ்டீரியோ வாங்கப் போன இடத்திலும் அதை மறைக்காமல் சொன்னாள். கடைக்காரர் வேலாயுதத்துக்கு அது வசதியாகப் போயிற்று. அவர் போட்டுக் காட்டிய செட்டில் வலது ஸ்பீக்கர் மட்டுமே பாடியது.

"இடது பெட்டி போச்சும்மா. உங்களுக்கு அது எதுக்கு? ஒண்ணோட எடுத்துக்குங்க, விலையைப் பாத்துப் போட்டுத் தர்றேன்."

"எனக்கு ரெண்டும் வேணும்."

அவள் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பின்பக்கத்து ஒயர்களை இடம் மாற்றிச் செருகினாள். திரும்பப் போட்டதும் இடது பெட்டி பாடியது. இதுவரை பாடிய வலது பெட்டி அடங்கிவிட்டது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. கோளாறு ஆம்ப்ளிஃபயர்ல."

பேலன்ஸ் குமிழை இரண்டு பக்கமும் விடாமல் திருகினாள். உள்ளே படிந்த தூசி கரகரவென்று இரைந்தது. சற்று நேரத்தில், அடங்கியிருந்த பெட்டியின் காகிதக் கூம்பு, அதன் மேல் வைத்த அவள் உள்ளங்கையில் அதிரத் தொடங்கியது.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்து இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டினாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அதைக் குறைக்க வேலாயுதம் பதறி ஓடிவந்தார். அவள் சத்தக் குமிழைக் கையால் மூடிக்கொண்டாள்.

"பாட்டு முடியட்டும்" என்றாள்.