புங்க மரத்து நிழல்

அந்த மேய்ச்சல் நிலத்தில் இருந்தது ஒரே ஒரு புங்க மரம். நேற்றுவரை அதன் நிழலில் எல்லாரும்தான் படுத்தார்கள். இன்று கிளையில் இருந்த காகம், "நான் கேட்கும் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிசகாமல் சொல்பவருக்கே இனி இந்த நிழல்" என்று போட்டி அறிவித்துவிட்டது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசிச் சுற்றுக்கு வெள்ளாடும் கழுதையும் மிஞ்சின. ஆடு சுவரொட்டி தின்றே வளர்ந்தது. கழுதைக்கோ, வெயிலில் வாடும் தன் குட்டியைப் பற்றித்தான் கவலை.

"ஆக்கிரமிப்பு" என்றது காகம்.

கழுதை யோசித்துப் பார்த்தது. "தெரியலீங்க."

"ஆ, க், கி, ர, மி, ப், பு!" என்று ஆடு ஒரே மூச்சில் ஒப்பித்தது. "போன மாசம்தான் தின்னேன். பசை கொஞ்சம் புளிப்பு."

"ஆட்டுக்கே வெற்றி!" என்று காகம் கரைந்தது.

ஆடு தலைநிமிர்ந்து மரத்தடிக்குப் போனது. அங்கே கழுதையும் குட்டியும் படுத்திருந்தன.

"அடியே, இது ஆக்கிரமிப்பு!"

"அந்தச் சொல்லுதான் எனக்குத் தெரியாதே, அண்ணே" என்றது கழுதை. "காலை மடக்கிக்கிட்டா உங்களுக்கும் இடம் இருக்கு. வாங்க."

ஆட்டின் முதுகை வெயில் சுட்டது. அது காலை மடக்கிப் படுத்தது. மேலே காகம் விதிகளைக் கத்திக்கொண்டிருந்தது. குட்டி அதற்குள் தூங்கிவிட்டது.