பதில் வரவில்லை

ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி போனில் அழுதாள். "அத்தையோட ஸ்கேன் படம் பெரிய டாக்டர் வீட்டுக்குப் போகவே மாட்டேங்குதாம். அவர் பார்த்துச் சொன்னாத்தான் ஆபரேஷனாம். ஏதாவது பண்ணுங்க!"

ஆபீஸில் இருந்த நெட்வொர்க் இன்ஜினியர் உடனே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். டாக்டர் வீட்டு இணையம் இவர் கம்பெனியுடையது. ஆஸ்பத்திரிக்கோ எதிர்க் கட்டடத்துக் கம்பெனியின் இணைப்பு.

"காலையில தப்பான வழி காட்டி, நம்ம இணைய ட்ராஃபிக்கை எல்லாம் திசை திருப்பிவிட்ட மகானுபாவங்கதானே! இதுவும் அவங்க கைங்கரியம்தான்" என்று பொரிந்தார்.

அவர்களுக்கு அனுப்பிய மெயில் ஒன்றுக்கும் பதில் இல்லை. இணையத்தில் ஓடும் அவர்களுடைய போனோ மணிகூட அடிக்கவில்லை.

"எங்கம்மா உயிர் ஊசலாடுது. இவங்க எங்கே போய்த் தொலைஞ்சாங்க?"

கதவைத் தள்ளிக்கொண்டு எதிர்க் கட்டடத்து இன்ஜினியர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"ஏன் சார், மெயிலைப் பார்க்கவே மாட்டீங்களா?" என்று இவர் பாய்ந்தார்.

"வந்தாத்தானே பார்க்க? நாங்க அனுப்பினதும் உங்களுக்கு வந்திருக்காது." வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க தப்பைக் காலையிலேயே சரிபண்ணிட்டோம் சார். கோபத்துல எங்களை மொத்தமா பிளாக் பண்ணீங்களே, அதை இன்னும் நீங்க எடுக்கவே இல்லை!"