சர்வாதிகாரி மானியஸ்

தரையில் கிடந்த கம்பளிப் போர்வையை ஹோஸ்டிலியா பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்து உதறினாள்.

“இதை மாட்ட ஒரு ஆணி அடிங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது.”

“நான் செனட்டர்டி. ஆணியடிக்கிறதா என் வேலை?” என்றார் கணவர் மானியஸ்.

அப்போது செனட் சபையின் தூதுவன் வாசலில் வந்து நின்றான்.

“ஐயா, கொள்ளைநோயில ரோமே சாகுது. உங்களைச் சர்வாதிகாரியா நியமிச்சிருக்காங்க. நாட்டை ஆளுற கான்சல் ரெண்டு பேரும் இனி உங்களுக்குக் கீழதான். கோடரிக் காவலர்கள் வெளியே காத்திருக்காங்க.”

மானியஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியா? இந்த வீட்லதான் என் அருமை தெரியல. சொல்லுப்பா, நான் என்ன செய்யணும்?”

“நோய் தீர ஜூபிடர் கோயில் சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும். சர்வாதிகாரி கையாலதான் அடிக்கணுமாம். அடிச்சதும் பதவி விலகிடலாம்.”

ஹோஸ்டிலியா உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்தாள்.

“அங்க போய் வளைச்சு வைக்காதீங்க. முதல்ல இந்தச் சுவத்துல அடிச்சுப் பழகிட்டுப் போங்க.”