ரெண்டடி பலராமன்

சட்டைக் கையில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்ட்டை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டே சான்றிதழ் நகலைப் படித்தார் நரசிம்மன். இருங்காட்டுக்கோட்டையில் அந்தத் தொழிற்சாலைக்கு ஆளெடுக்கும் அதிகாரி அவர். காலையில்தான் பெயிண்ட் அடித்த கேட் என்று தெரியாமல் சாய்ந்துவிட்டார். அந்த எரிச்சலைக் கொட்ட எதிரே வாகாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

"ஹைஜம்ப்ல இந்தியாவுக்காகக் கொழும்பு போனியாக்கும். தாண்டினது எவ்வளவு? ரெண்டு புள்ளி பூஜ்யம் ஒண்ணு. ரெண்டடி. எங்க வீட்டு ஆட்டுக்குட்டி தாண்டும் இதை."

"சார், அது வந்து..." என்றான் பலராமன்.

"வாயை மூடு. உனக்கெல்லாம் இங்க வேலை இல்ல."

"அப்ப கேட் பாஸுல கையெழுத்துப் போடுங்க சார். நாலு மணிக்கு ஆவடி கம்பெனில வரச் சொல்லிக்கீறாங்க. அதுவும் போச்சுன்னா வூட்டுல அடுப்பு எரியாது."

சுற்றிலும் கண்ணாடிச் சில்லு பதித்த மதில். வெளியே போக அந்த ஐந்தரை அடி இரும்புக் கேட் ஒன்றுதான் வழி. நரசிம்மன் கேட் பாஸை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார்.

"சாயங்காலம் சங்கு ஊதட்டும், பார்க்கலாம். ரெண்டடிக்காரனுக்கு என்ன அவசரம்?"

பலராமன் அறையை விட்டு வெளியே போனான். நரசிம்மனுக்கு மனசு குளிர்ந்தது. வேலை இல்லை என்று கடிதம் அடிக்கச் சொல்லி, நகலை டைப்பிஸ்ட் கிரேசியிடம் கொடுத்தார்.

கிரேசி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "சார், நம்பருக்குப் பக்கத்துல இருக்கற எழுத்து சீல் மை பட்டு மறைஞ்சிருக்கு. இது அடி இல்ல, மீட்டர். இப்பல்லாம் அப்படித்தான் போடறாங்க. ஆறரை அடிக்கு மேல வரும் சார்."

நரசிம்மன் நகலைப் பிடுங்கிப் பார்த்தார். கம்பெனி டீமுக்குச் சர்வதேச வீரன் ஒருவன் வேண்டும் என்று முதலாளி ஒரு மாதமாக அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். பதறிப்போய்க் கேட்டுக்குப் போன் போட்டார்.

"மண்ணாங்கட்டி, அந்தப் பலராமனை உள்ளே அனுப்பு. மரியாதையா கூட்டிட்டு வா."

"அவரு போயிட்டாரு சார்," என்றான் வாட்ச்மேன் மண்ணாங்கட்டி.

"பாஸ் இல்லாம யாரு கேட்டைத் தொறக்கச் சொன்னது?"

"நான் எங்க சார் தொறந்தேன்? சாவி என் இடுப்புலதான் கீது."

"அப்ப ஏறிக் குதிச்சானா?"

"ஏறல சார். பெயிண்ட்டுல ஒரு வெரலுகூடப் படல."